பீட்டர் கானவனுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பீட்டர் கானவன் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஆல் ஸ்டார் விருதுகளை நீங்கள் 6 முறை பெற்றதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். வட அயர்லாந்தின் டைரோன் கவுண்டிக்காக (மாவட்டத்துக்காக) நீங்கள் ஆடிய மூன்று அகில அயர்லாந்து கேலிக் கால்பந்து இறுதிப் போட்டிகளைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன்.

1995 செப்டம்பரில் குரோக் பார்க் மைதானத்தில் டப்ளினிடம் டைரோன் ஒரே புள்ளியில் தோற்றது. உங்கள் அணி எடுத்த 12 புள்ளிகளில் 11 புள்ளிகள் நீங்கள் அடித்தவை. ஆட்டம் முடியும் தறுவாயில் உங்கள் அணியின் ஷான் மெக்லாக்லின் பந்தைக் கோலின் குறுக்குக் கம்பத்துக்கு மேலே அனுப்பி ஒரு புள்ளி சேர்த்தபோது ஆட்டம் சமனாகிவிட்டது என்றே டைரோன் ரசிகர்கள் துள்ளினார்கள். ஆனால் அவருக்குப் பந்தைத் தந்த நீங்கள் தரையில் கிடந்த அதைக் கையால் தொட்டுவிட்டதாக நடுவர் முடிவு செய்ததால் அந்தப் புள்ளி செல்லாமற்போயிற்று. கேலிக் கால்பந்தில் தரையில் கிடக்கும் பந்தைக் காலால் எத்திய பிறகே கையில் எடுக்க வேண்டும் என்பது விதி. விதியை நான் குறைசொல்ல வரவில்லை. ஒரு கவுண்டி முழுவதும் ஒரே மனிதரின் தோளில் ஏறி அமர்ந்திருந்ததே அன்றைய தோல்விக்குக் காரணம் என்பது என் கருத்து.

ஊதியம் இல்லாமல், பிறந்த மண்ணுக்காக ஆடும் ஆட்டம் இது. உங்கள் ஊர்த் திருச்சபைப் பங்கில் கிளப்பைப் பற்றி எழுந்த பிணக்கால் ஆடக் கிளப் இல்லாமல் நின்றபோது, மட்டையால் பந்தை அடித்து ஆடும் ஹர்லிங் ஆட்டத்துக்கான கில்லிக்ளாகர் கிளப்பில் பெயரைப் பதிந்துகொண்டு டைரோனின் இளையோர் அணிக்கு ஆடினீர்கள். அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

2003இல் நீங்கள் அணித்தலைவர். கெர்ரிக்கு எதிரான அரையிறுதியில் கணுக்காலில் அடிபட்டும், அர்மாவுக்கு எதிரான இறுதிப் போட்டியைத் தொடங்கினீர்கள். தனியுதைகளில் புள்ளிகளைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, இடைவேளையில் வெளியேறினீர்கள். உங்களுக்குப் பிறகும் அணி முன்னிலையை விட்டுக்கொடுக்கவில்லை. அர்மாவின் ஸ்டீவன் மெக்டொனல் கோலை நோக்கி அடித்த பந்தின் மீது உங்கள் அணியின் கோனர் கோர்ம்லி பாய்ந்து விழுந்து தடுத்த அந்தக் கணத்தில், 1995இல் இல்லாத ஓர் அணியைக் கண்டேன். பயிற்சியாளர் மிக்கி ஹார்ட் உங்களைக் கடைசி நிமிடங்களில் மீண்டும் களமிறக்கினார். 12க்கு 9 என்ற புள்ளிக் கணக்கில் வென்று, அகில அயர்லாந்து வெற்றியாளருக்கான சாம் மக்வயர் கோப்பையை டைரோனுக்காக முதன்முறையாக நீங்கள் உயர்த்தினீர்கள்.

2005இல் கெர்ரிக்கு எதிராகவும் அப்படியே நடந்தது. இடைவேளைக்குச் சற்று முன் ஓவன் மல்லிகன் தந்த பந்தை வாங்கி, பதற்றமே இல்லாமல் வலையின் மூலைக்குள் செலுத்தினீர்கள். பிறகு வெளியே அமர்ந்தீர்கள், பிறகு திரும்பி வந்தீர்கள். அந்த வெற்றியோடு கவுண்டி ஆட்டத்திலிருந்து ஓய்வும் பெற்றீர்கள்.

தனியொருவராக 11 புள்ளிகள் அடித்த ஆட்டக்காரர், பாதி ஆட்டத்தைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு ஓரத்தில் காத்திருக்கச் சம்மதித்ததே உங்கள் வாழ்க்கையின் மிகப் பெரிய ஆட்டம் என்று நான் நம்புகிறேன். 2003இன் இரண்டாம் பாதியில், வலிக்கும் காலோடு அந்த இருக்கையில் இருந்து எதையெல்லாம் கவனித்தீர்கள் என்பதை நீங்களே விரிவாக எழுத வேண்டும். டைரோன் சட்டை அணிந்து ஆடும் உங்கள் மகன்கள் டாராவும் ருவாரியும்கூட அதைப் படிக்க விரும்புவார்கள்.

அன்புடன்,
ஓர் ரசிகன்