இரவுக்கு மட்டும் தெரிந்த நேரம்

அன்பு மகளுக்கு,

நவம்பர் கடைசியில் மறைந்த சூரியன் ஜனவரி நடுவில்தான் திரும்ப எட்டிப் பார்க்கும் என்று, நீ இருக்கும் நார்வேயின் வடகோடி ஊரான டிரோம்சோவைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் படித்து அப்பா கவலைப்பட்டார். எனக்கு அடுத்த வரிதான் உறுத்தியது. செபிக்க உட்கார்ந்தால் உள்ளேயும் இருட்டாகவே இருக்கிறது, கடவுள் ஒளி என்றால் நான் அவருக்கு வெளியேதானே இருக்கிறேன் என்று கேட்டிருக்கிறாய்.

முதலில் உடம்பைப் பார். வெயில் இல்லாத மாதங்களில் மனம் சோர்வது அந்தப் பக்கம் பலருக்கும் வருவதுதான். டாக்டரிடம் போ, வைட்டமின் மாத்திரையோ விளக்குச் சிகிச்சையோ, அவர் சொல்வதைச் செய். இதைச் செபமாலை சொல்லிச் சரிக்கட்டப் பார்க்காதே.

இனி உன் கேள்வி. கடவுள் ஒளி, அவரிடம் இருளே இல்லை என்று யோவான் தம் முதல் கடிதத்தில் எழுதியது உண்மை. ஆனால் சீனாய் மலையடியில் மக்களெல்லாம் எட்டி நின்றபோது மோசே எதற்குள் நுழைந்தார்? கடவுள் இருந்த காரிருளுக்குள். கோவிலைக் கட்டி முடித்த சாலமோனும், ஆண்டவர் காரிருளில் உறைவதாகச் சொன்னதைத்தான் நினைவுகூர்ந்து பேசத் தொடங்குகிறார். நான்காம் நூற்றாண்டில் நீசா நகர் ஆயர் கிரகோரியார் மோசேயின் வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது இதைப் பிடித்துக்கொண்டார். எரியும் முட்செடியில் மோசே முதலில் கண்டது ஒளி, பிறகு மேகம், கடைசியில்தான் இருள். கடவுள் நம் அறிவுக்குள் அடங்காதவர் என்பதால், நெருங்க நெருங்கக் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாமல் போகிறது என்பது அவர் விளக்கம். விலகிப் போனதால் வந்த இருளை அவர் அங்கே சொல்லவில்லை.

அந்த இருளும் உண்டு, மறுக்கவில்லை. இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாசு பந்தியிலிருந்து எழுந்து வெளியே போனபோது இரவாக இருந்தது என்று யோவான் சும்மா எழுதவில்லை. ஆனால் சாத்தானும் ஒளியின் தூதனாக வேடம் போடுவான் என்று பவுல் எச்சரிக்கிறாரே! பளிச்சென்று தெரிவதெல்லாம் கடவுள், தெரியாததெல்லாம் பேய் என்று பிரித்துவிட முடியாது. உன் மறைக்கல்வி வகுப்பில் கறுப்பு இதயம் பாவம், வெள்ளை இதயம் தூய்மை என்று படம் மாட்டியிருப்பார்களே, அது எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. வெயிலில் கறுத்த கடற்கரைப் பிள்ளைகளை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு சொல்லித்தரும் பாடமா அது? விவிலியத்தின் இனிமைமிகு பாடலில் வரும் பெண், தான் கறுப்பு, ஆனாலும் அழகி என்று எவ்வளவு மிடுக்காகச் சொல்கிறாள்!

ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவை நினைத்துப் பார். கோவிலில் ஒரு விளக்கும் எரியாது. முற்றத்தில் புதுத் தீ மூட்டுவார்கள். சாமியார் பாஸ்கா மெழுகுதிரியில் சிலுவை கீறி, மேலேயும் கீழேயும் கிரேக்க அரிச்சுவடியின் முதல், கடைசி எழுத்துகளைக் கீறி, அந்த ஆண்டின் நான்கு எண்களையும் பொறிப்பார். ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகளைக் குத்துவார். பிறகு அந்த ஒற்றைச் சுடர் கதவைத் தாண்டும். மூன்று முறை உயர்த்திப் பாடியபடி உள்ளே போகப் போக, ஒருவர் திரியிலிருந்து அடுத்தவர் திரிக்குத் தீ தாவும். உருகிய மெழுகு விரலில் விழுந்து நீ கையை உதறுவாய். இதெல்லாம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அடுத்து வரும் நீண்ட பாஸ்கா புகழுரையைத்தான் பலரும் காதில் வாங்குவதில்லை, பாதிப் பேர் திரியை அணையாமல் காப்பதிலேயே கவனமாக இருப்பார்கள். அது மெழுகைத் தந்த தேனீக்களைக்கூட விடாமல் புகழ்கிறது. அதற்கும் மேலாக இரவைப் புகழ்கிறது. கிறிஸ்து உயிர்த்தெழுந்த நேரத்தை அறியும் பேறு இந்த இரவுக்கு மட்டுமே கிடைத்தது என்று பாடுகிறது. நான்கு நற்செய்திகளையும் புரட்டிப் பார். அவர் உயிர்த்தெழுந்ததைக் கண்ணால் கண்ட சாட்சி ஒருவரும் இல்லை. மகதலா மரியா இருள் நீங்குமுன் வந்தபோதே கல்லறை வாயிலில் கல் இல்லை. எல்லாவற்றிலும் பெரிய காரியம் ஒருவரும் பார்க்காத இருட்டில் நடந்து முடிந்துவிட்டது.

அதனால்தான் உன் நிலையைக் கண்டு நான் பதறவில்லை. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் வெளிவந்தபோது, பல பத்தாண்டுகள் அவர் உள்ளத்தில் கடவுளின் இருப்பை உணராமலே வாழ்ந்தது தெரிந்து உலகம் திகைத்தது. விசுவாசமே இல்லாதவர் என்றுகூடச் சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்றும் உணராமலே தினமும் நற்கருணை முன் முழந்தாளிட்டார், பிறகு கொல்கத்தாவில் சாகக் கிடந்தவர்களைக் கழுவப் போனார். திருச்சபை 2016-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது, இதையெல்லாம் அறிந்த பிறகுதான்.

நீ பேச முடியாவிட்டால் பேசாமல் உட்கார். திருப்பாடல் 88-ஐ வாசி. கதறலில் தொடங்கி இருளிலேயே முடிகிற செபம் அது, ஆறுதலாக ஒரு வரிகூட ஒட்டவைக்கவில்லை. ஞாயிறு பூசையை மட்டும் விட்டுவிடாதே. அங்குள்ள மாதா கோவிலில் யாரையாவது பழக்கம் பிடி.

ஒரு சந்தேகம். அந்தப் பாஸ்கா இரவு வழிபாட்டை, அதாவது திருவிழிப்பை, நன்றாக இருட்டிய பிறகுதான் தொடங்க வேண்டும் என்பது ஒழுங்கு. ஏப்ரல் பிற்பகுதியில் பாஸ்கா வந்தால், அப்போது இரவுகூடச் சரியாக இருட்டாத அந்த ஊரில் இருட்டுக்கு எங்கே போவார்கள்? எத்தனை மணிக்குத் தொடங்குகிறார்கள் என்று பங்குச் சாமியாரிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா