இரவுப் பணி முடித்து வரும் நாள் ஓய்வு நாள் ஆகாது: செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கு, வணக்கம்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் செவிலியர்களுக்குப் பணிப்பட்டியல் போடுகிறவர்கள் நீங்கள். நாங்கள் எந்த வாரம் விடியலில் எழுவோம், எந்த வாரம் பகலில் உறங்குவோம் என்பது கோட்டையில் முடிவாவதில்லை. நீங்கள் பென்சிலால் நிரப்பும் கட்டங்களில்தான் முடிவாகிறது. ஆள் பற்றாக்குறையைப் பற்றி இங்கே நான் எழுதப்போவதில்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் 3 நோயாளிகளுக்கு ஒருவர், மற்றவற்றில் 5 நோயாளிகளுக்கு ஒருவர், அதற்கு மேல் விடுப்புக்கென 30 விழுக்காடு என்ற இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோலிலிருந்து நம் வார்டுகள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது உங்களுக்கும் தெரியும். அந்த இடங்களை நிரப்பும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். இருக்கிற ஆட்களை வைத்தே, கட்டங்களின் வரிசையை மாற்றிச் செய்யக்கூடியதை மட்டுமே கேட்கிறேன்.

நான் பணியாற்றும் மருத்துவமனையில் காலைப் பணி 7 முதல் 1 வரை, மதியப் பணி 1 முதல் 7 வரை, இரவுப் பணி மாலை 7 முதல் மறுநாள் காலை 7 வரை. செவ்வாய் இரவு வந்த செவிலியர் புதன் காலை 7 மணிக்கு ஒப்படைப்பைத் தொடங்கி, ஊசி மருந்து இருப்பை எண்ணிக் காட்டி, விடுபட்ட கேஸ் ஷீட்டுகளை எழுதி முடித்து வெளியே வரும்போது எட்டு மணியைத் தாண்டிவிடுகிறது. பட்டியலில் அந்தப் புதன்கிழமைக்கு நேரே 'ஆஃப்' என்றும், வியாழனுக்கு நேரே 'மார்னிங்' என்றும் எழுதியிருக்கிறது. நள்ளிரவில் பிறந்த அந்த நாளின் முதல் எட்டு மணி நேரத்தை வார்டில் கழித்தவருக்கு, மீதி நேரத்தில் உறங்கியது போக எஞ்சுவதற்கு ஓய்வு நாள் என்று பெயர் சூட்டுவது என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த உறக்கமும் இரவு உறக்கத்துக்கு ஈடாகாது. காலை வெளிச்சம் பட்டதும் உடல் விழிப்புக்குத் தயாராகிவிடுகிறது. அதோடு பக்கத்து வீட்டு மிக்சி, தெருவில் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி, ஆடி மாதமென்றால் அம்மன் கோயில் பாட்டு, பள்ளிவிட்டு வரும் பிள்ளை என்று பலவும் சேர்ந்துகொள்ள, நான்கைந்து மணி நேரம் கண்ணயர்ந்தாலே பெரிது. பட்டப்பகலில் படுத்திருக்கும் மருமகளைப் பற்றி வீட்டில் பேசப்படுவது வேறு கதை. இரவுப் பணி முடித்து வரும் நாளை உறக்க நாளாகத் தனியே குறித்து, அதற்கு அடுத்த முழு நாளை ஓய்வு நாளாகத் தாருங்கள் என்பதே என் முதன்மையான வேண்டுகோள்.

தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்ட முன்வடிவு 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எழுந்த எதிர்ப்பும், அந்த ஆண்டு மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்ததும் நினைவிருக்கும். நாங்கள் பார்க்கும் 12 மணி நேர இரவுக்காக எந்த முன்வடிவும் வரவில்லை. அது ஏற்கெனவே வழக்கமாகிவிட்டது.

இரவுப் பணியின் முதல் நாளைச் சற்றுப் பாருங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பக் காலை 6 மணிக்கு எழுந்தவர், பகலில் உறக்கம் வராமல் அப்படியே பணிக்கு வந்தால், இரவு 11 மணிக்கே 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அந்த அளவு விழிப்பு, இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் மது இருப்பவருக்கு நிகரான தடுமாற்றத்தைத் தரும் என்று 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. வண்டி ஓட்டுகிறவருக்கு நம் மோட்டார் வாகனச் சட்டம் விதிக்கும் வரம்பு 30 மில்லிகிராம். அந்த நிலையைக் கடந்து மேலும் ஆறு மணி நேரம் விழித்திருந்த பிறகுதான், உடல் வெப்பமும் கவனமும் மிகத் தாழ்ந்திருக்கும் அதிகாலையில், சர்க்கரை நோயாளிகளுக்கான இன்சுலினை அவர் அளக்கத் தொடங்குகிறார். சிவப்பு மூடி சிரிஞ்சு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் உள்ள மருந்துக்கு. மங்கிய வெளிச்சத்தில் 100 யூனிட் குப்பியின் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அளந்துவிட்டால் நோயாளிக்குப் போவது இரண்டரை மடங்கு மருந்து. அதன் பின் இதே கையோடு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் வீடு திரும்புகிறார். ஊதிக்காட்டச் சொன்னால் கருவி ஒன்றும் காட்டாது.

சுழற்சியின் திசையும் முக்கியம். உடலின் கடிகாரத்துக்கு நாளை நீட்டுவது எளிது, குறுக்குவது கடினம். ஆகவே காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிச் சுழற்றினால் உடல் ஓரளவு ஈடுகொடுக்கும், இரவிலிருந்து மதியத்துக்கும் மதியத்திலிருந்து காலைக்கும் பின்னோக்கி இழுத்தால் திணறும். இதற்குக் கூடுதல் ஆள் வேண்டியதில்லை.

தொடர் இரவுகளைப் பற்றிச் சொல்லும்போது என் தோழிகளில் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். கன்னியாகுமரியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்து சென்னையில் பணியாற்றுகிறவர்கள், ஆறு இரவுகளைச் சேர்த்து முடித்துவிட்டால் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைக்கும், ஊருக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்கிறார்கள். அவர்கள் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் முதல் இரவோடு ஒப்பிட்டால் நான்காம் தொடர் இரவில் விபத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ 36 விழுக்காடு கூடுகிறது என்று பிரிட்டன் ஆய்வாளர்கள் 2003இல் தொகுத்துக் காட்டியிருக்கிறார்கள். மூன்று இரவுகளைப் பொது விதியாக வைத்து, எழுதிக் கேட்பவருக்கு மட்டும் கூடுதல் இரவுகளை அனுமதிக்கலாம்.

அடுத்து, எல்லோரும் அறிந்தும் யாரும் எழுதாத ஒன்று. இரவில் செவிலியர்கள் கண்ணயர்கிறார்கள். கேஸ் ஷீட்டுகளின் மேல் தலை சாய்த்து, காலடி ஓசை கேட்டால் நிமிர்ந்து, நோயாளியின் உடனிருப்போர் யாரேனும் செல்பேசியில் படமெடுத்துவிடுவார்களோ என்ற அச்சத்தோடு உறங்கும் அந்தப் பத்து நிமிடங்களால் யாருக்கும் பயனில்லை. மாட்டிக்கொண்டால் மெமோ மட்டும் மிச்சம். அதற்கு மாறாக, நள்ளிரவுக்கும் மூன்று மணிக்கும் இடையே ஒருவர் மாற்றி ஒருவராக அரை மணி நேரம் படுப்பதை நீங்களே பட்டியலில் எழுதுங்கள். ஒரு கட்டிலும் கதவடைத்த அறையும் போதும். எழுந்ததும் சில நிமிடங்கள் மந்தமாக இருக்கும் என்பதால், அதற்குள் மருந்து அளக்கும் வேலையைத் தரக்கூடாது என்பதையும் சேர்த்து எழுதிவிடலாம். தனியாக ஒருவரே பார்க்கும் வார்டில் பக்கத்து வார்டின் துணையில்லாமல் இது நடக்காது. அங்கே அதைத் தொடங்க வேண்டாம்.

சனிக்கிழமை மாலை ஒட்டப்படும் பட்டியல் ஞாயிறு காலை நடைமுறைக்கு வரும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். இரண்டு வாரம் முன்பே தெரிந்தால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடலாம், முதல் இரவுக்கு முந்தைய பிற்பகலில் உறங்கவும் ஏற்பாடு செய்யலாம்.

இரவுப் பணி புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும் மீண்டும் 2019இலும் வகைப்படுத்தியிருக்கிறது. மருத்துவமனை இரவில் மூடப்படாது என்பதால் அதை முழுவதும் தவிர்க்க வழியில்லை. நீங்களும் இதே இரவுகளைப் பார்த்துத்தான் இந்தப் பொறுப்புக்கு வந்திருக்கிறீர்கள். "நாங்கள் பார்க்கவில்லையா" என்ற பதிலை மட்டும் தவிர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

எல்லா வார்டுகளிலும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். பொது மருத்துவ வார்டு ஒன்றில் மூன்று மாதங்களுக்கு இந்த முறையில் பட்டியல் போட்டு, மருந்துத் தவறுகளின் பதிவேட்டையும் அவசர விடுப்பு விண்ணப்பங்களையும் அதற்கு முந்தைய மூன்று மாதங்களோடு வைத்துப் பாருங்கள். அந்த வார்டுக்கு முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மாவட்டத் தலைமை மருத்துவமனைச் செவிலியர் ஒருவர்