‘இக்கட்டுரையில் காண்போம்’ என்று எழுத வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் மாணவர் பக்கத்தில், 1806-ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகச் செய்த கலகம் பற்றி வந்த ‘வேலூர்ப் புரட்சிக்கான காரணங்களை ஆராய்க’ என்ற வினாவின் மாதிரி விடையைப் படித்தேன். நடுவில் உள்ள தகவல்களில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதன் முன்னுரையையும் முடிவுரையையும் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. 31 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் மாலையில் நாலைந்து பிள்ளைகள் வீட்டுக்கு வந்து படிக்கிறார்கள். அவர்களில் பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்டு வந்தாள். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தியா பழம்பெருமை வாய்ந்த நாடு, வணிகம் செய்ய வந்த ஆங்கிலேயர் நம்மை அடிமைப்படுத்தினர், அவர்களை எதிர்த்துப் பல போராட்டங்கள் நடந்தன, அவற்றுள் ஒன்றை இக்கட்டுரையில் காண்போம். முன்னுரை இவ்வளவுதான். அந்தப் பெண்ணிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, வேலூர் என்பதை அடித்துவிட்டு மருது சகோதரர்கள் என்று எழுதச் சொன்னேன். எழுதினாள். முன்னுரை அப்படியே பொருந்தியது. 1857 என்று மாற்றினாள், பொருந்தியது. வெள்ளையனே வெளியேறு என்று மாற்றினாள், அதற்கும் பொருந்தியது. கேட்ட கேள்வி காரணங்களைப் பற்றியது. இந்த முன்னுரையில் காரணம் என்ற சொல்கூட இல்லை.

விடைத்தாள் திருத்தும் முகாம்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். கட்டைப் பிரித்தால் தாளுக்குத் தாள் இதே நாலு வரிதான் வரும். பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. முன்னுரை என்று தலைப்புப் போட்டு, அடியில் கோடு போட்டு, எதையாவது எழுதி நிரப்பச் சொல்லிக் கொடுத்தது நாம்தான்.

என் பிள்ளைகளை முன்னுரையில் தொடங்க விடுவதில்லை. முதலில் நோட்டின் கடைசிப் பக்கத்தில், கேள்விக்கு உன் விடை என்ன என்று ஒரே வாக்கியத்தில் பென்சிலால் எழுதச் சொல்வேன். இந்தக் கேள்விக்கு அது சுலபமில்லை. புதிய தலைப்பாகையால் வந்த கோபமா, கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் குடும்பமா, எது பெரிய காரணம் என்று முடிவு செய்ய வேண்டும். “டீச்சர், நம்ம கருத்தை எழுதலாமா? மார்க் குறைச்சிட மாட்டாங்களா?” என்று அந்தப் பெண் கேட்டாள். ‘ஆராய்க’ என்று கேட்டிருக்கிறார்களே, எடை போட்டுச் சொல்லத்தான் கேட்கிறார்கள் என்றேன்.

இரண்டு பக்கமும் சான்று இருக்கிறது. நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் உத்தரவு வந்தது. தளபதி சர் ஜான் கிரடாக் காலத்து உத்தரவு அது. 1806 மே மாதமே வேலூரில் சிப்பாய்கள் அந்தத் தலைப்பாகையை மறுத்தார்கள். அவர்களில் சிலருக்குச் சவுக்கடித் தண்டனை கிடைத்தது. மறுபக்கம், 1799-ல் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தபின் அவர் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருத்திக்குத் திருமணம். மறுநாள் அதிகாலையில் துப்பாக்கிகள் வெடித்தன. கோட்டைப் பொறுப்பில் இருந்த கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப் படையோடு வந்து அன்று காலையே கோட்டையை மீட்டார்.

இதையெல்லாம் பேசி முடித்ததும் அவள் கடைசிப் பக்கத்தில் எழுதினாள்: கோபம் தலைப்பாகையில் தொடங்கியது, அது அரசியல் கலகமானது திப்புவின் குடும்பம் அங்கே இருந்ததால். அப்புறம் முன்னுரை எழுத உட்கார்ந்தாள். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்.

“1806 ஜூலை 10 அதிகாலை, வேலூர்க் கோட்டையில் கம்பெனியின் சிப்பாய்கள் தங்கள் அதிகாரிகளுக்கு எதிராகவே துப்பாக்கியைத் திருப்பினர். மே மாதத்தில் தலைப்பாகையை மறுத்தபோது அவர்கள் எந்த அரசனின் பெயரையும் சொல்லவில்லை. ஜூலையில் மைசூர்க் கொடியை ஏற்றினர். தலைப்பாகையில் தொடங்கிய கோபம் எப்படிக் கொடி வரை போனது என்பதை விளக்கினால் புரட்சியின் காரணங்கள் விளங்கும்.”

மூன்றாவது வாக்கியத்தைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மே மாதத்துக்கும் ஜூலைக்கும் நடுவே உள்ள அந்த வித்தியாசத்தை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளே பார்த்தாள். இனி இந்த முன்னுரையில் வேலூரை அடித்துவிட்டு வேறு ஊரைப் போட முடியாது. அடுத்த பத்தியில் என்ன எழுதுவது என்று அவள் யோசிக்கவும் வேண்டியதில்லை. உடை விதிகள் முதலில், கோட்டையில் திப்புவின் பிள்ளைகள் இரண்டாவது.

முடிவுரைக்கு வருகிறேன். தங்கள் மாதிரி விடை, இதுவே இந்தியாவின் முதல் சுதந்திரப் போர் என்றும், தியாகிகளைப் போற்றுவோம் என்றும் முடிகிறது. தியாகிகளை நானும் போற்றுகிறேன். ஒவ்வொரு ஜூலை 10 அன்றும் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போனவள் நான். ஆனால் முதல் சுதந்திரப் போரா என்பது வேறு கேள்வி. கட்டுரையின் நடுவில் அதற்கு ஒரு வரி ஆதாரம்கூடத் தராமல் கடைசி வரியில் மட்டும் அறிவித்தால், திருத்துகிறவர் அதை எதோடு சேர்த்துப் படிப்பார்? காரணங்களைக் கேட்ட கேள்விக்கு முடிவுரையும் காரணத்தில்தான் போய் நிற்க வேண்டும்.

அதற்கு இந்தத் தலைப்பிலேயே அருமையான வழி இருக்கிறது. கலகம் அடங்கியபின் கம்பெனி என்ன செய்தது என்று பாருங்கள். புதிய உடை விதிகளைத் திரும்பப் பெற்றது. திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பியது. கவர்னர் வில்லியம் பென்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. எது தங்களைச் சுட்டது என்று கம்பெனிக்கே தெரிந்திருக்கிறது, இரண்டு காரணங்களையும் அது தனித்தனியாக அகற்றியிருக்கிறது. என் மாணவி இதை விளைவுகள் என்று உட்தலைப்புப் போட்டு நடுவில் எழுதியிருந்தாள். அதை எடுத்து முடிவுரையில் வைக்கச் சொன்னேன். மூன்று வரிதான் ஆனது. முன்னுரையில் சொன்னதற்கு எதிரியின் கையாலேயே சான்று கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

நேரம் போதாது என்று ஆசிரியர்கள் சொல்வார்கள், எனக்கும் தெரியும். கடைசிப் பக்கத்து ஒரு வரிக்கு இரண்டு நிமிடம் போதும். பழகிய பிள்ளைக்கு அதுவும் வேண்டாம்.

ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தங்கள் பக்கத்தை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். அடுத்த மாதிரி விடை எந்தத் தலைப்பில் வந்தாலும் சரி, ஒரே கேள்விக்கு இரண்டு முன்னுரைகளை அருகருகே அச்சிடுங்கள்: எல்லாக் கேள்விக்கும் பொருந்துவது ஒன்று, அந்தக் கேள்விக்கு மட்டுமே பொருந்துவது இன்னொன்று. முடிவுரைக்கும் அப்படியே செய்யுங்கள். மாதிரிகள் தேவைப்பட்டால் என் பிள்ளைகள் எழுதியவற்றை அவர்கள் சம்மதத்தோடு அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முதுகலை வரலாற்று ஆசிரியை,
காட்பாடி.