பத்தாவது மாப் எங்க பாப்பா?

பாப்பா, நேத்து நீ போன்ல கத்துன கத்துல கீழ் வீட்டு அக்கா என்ன சண்டைன்னு கேட்டுட்டாங்க. உன் டீம்ல அந்தப் பையன் சர்வர்ல எதையோ தப்பா மாத்திட்டு ரெண்டு நாளா வாயத் தொறக்கல, கஸ்டமர் சொல்லித்தான் உங்களுக்கே தெரிஞ்சிருக்கு, இனிமே காலைல ஒரு கால் சாயங்காலம் ஒரு கால், எவனையும் நம்புறதா இல்லைன்னு சொன்ன. நீ என்னைய பேச விட்டாத்தான, அதான் மொட்டமாடில ஒக்காந்து டைப் பண்றேன்.

இத உங்கப்பாட்ட கூட நான் முழுசா சொன்னதில்ல. 1994, நீ கைக்குழந்தை. அப்ப நான் வேல பாத்த ஆஸ்பத்திரி தியேட்டர்ல, வயித்த தச்சு மூடுறதுக்கு முன்னாடி மாப் எண்ணிச் சொல்றது என் வேல. ரத்தம் ஒத்துற துணி, பாக்கெட்டுக்கு அஞ்சு, எத்தன பாக்கெட் பிரிச்சமோ போர்டுல எழுதிருக்கும். அதுக்கு மொத வாரம் ஒரு கேஸ்ல ஒன்னு கொறையுதுன்னு சொன்னதுக்கு பெரிய டாக்டர் கிட்னி ட்ரேய தூக்கி எறிஞ்சாரு, கடைசில பாத்தா அது அவரு காலுக்கடியிலதான் கெடந்துச்சு, ஆனா வாங்கிக் கட்டிக்கிட்டது நான். அந்த பயத்துல அன்னைக்கு ஒம்போதுதான் கண்ணுல பட்டுச்சு, இன்னொன்னு எங்கிட்டாவது கெடக்கும்னு நெனச்சு "பத்தும் சரி சார்"னுட்டேன்.

ஆயாம்மாதான் பக்கெட்லருந்து எடுத்து அஞ்சஞ்சா கீழ விரிச்சுப் போடுவாங்க. டாக்டர் தைக்க ஊசிய கையில வாங்கிட்டாரு. அந்நேரம் ஆயாம்மா சத்தமா, "பக்கெட்ல ஏழு, டேபிள்ல ரெண்டு, பத்தாவது மாப் எங்க பாப்பா?" அம்புட்டு பேரும் திரும்புனாங்க. டாக்டர் ஊசிய கீழ வச்சுட்டு உள்ள கையவிட்டு தேடுனாரு, கொடலுக்குப் பின்னாடி இருந்துச்சு. எனக்கு காலு நிக்கல.

கத்துவாருன்னு பாத்தா கத்தல. ரூமுக்கு கூப்ட்டு, "போன வாரம் நான் கத்தாம இருந்திருந்தா இன்னைக்கு சொல்லிருப்பேல்ல?"ன்னாரு. ஆனா விட்டுறல, என்ன நடந்துச்சோ அத என் கையாலயே ரிஜிஸ்டர்ல எழுத வச்சாரு, எழுதி முடிச்சதும் அதுக்குக் கீழ அவரும் கையெழுத்து போட்டாரு. அன்னையிலருந்து ஆயாம்மா எண்ணிச் சொல்லாம அவரு தச்சதில்ல.

பின்னாடி 2008ல உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷனுக்கு 19 விஷயம் போட்டு ஒரு செக்லிஸ்ட் கொண்டாந்துச்சு. டெல்லியும் சேத்து எட்டு ஊரு ஆஸ்பத்திரில வச்சுப் பாத்ததுல சாவு 1.5 சதவீதத்துலருந்து 0.8க்கு எறங்குச்சுன்னு 2009ல ஜர்னல்ல வந்துச்சு. மாப் கவுண்ட்டும் அதுல இருக்கு, அத விட எனக்குப் புடிச்சது, கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி தியேட்டர்ல இருக்க எல்லாரும் தம்பேரையும் என்ன வேலைங்கிறதையும் வாயத் தொறந்து சொல்லணும். ஒருக்கா வாயத் தொறந்த ஆளுதான அப்பறமும் தொறப்பான்.

எண்ணுறத சந்தேகம்னு நாங்க யாரும் எடுத்துக்கிட்டதில்ல, ரெண்டு பேரு சேந்து சத்தமா எண்ணுவோம், டாக்டருக்கும் அதே கணக்குதான். நீ வைக்கப்போற சாயங்கால கால் அது இல்ல, அது பின்னாடி நின்னு எட்டிப் பாக்குறது. அதுல பயலுக இன்னும் நல்லா மறைக்கத்தான் கத்துப்பாய்ங்க. அந்தப் பையன சும்மா விடச் சொல்லல, என்ன மாத்துனான், எப்ப தெரிஞ்சது, ஏன் சொல்லலன்னு அவனே எழுதட்டும். அந்த கடைசிக் கேள்விக்கு என்ன பதில் வருதோ, அதுல உன் பேரு இருந்தாலும் இருக்கும் பாப்பா, தீவாளிக்கு முன்னாடி இன்னொரு புள்ள தப்ப ஒத்துக்கிட்டப்ப மீட்டிங்ல வச்சு கிழிச்சேன்னு நீதான் பெருமையா சொன்ன, அப்ப இவனும் அங்கதான ஒக்காந்திருந்திருப்பான்.

பருப்புப்பொடி, நார்த்தங்கா ஊறுகா கொரியர் போட்டுருக்கேன். ஞாயித்துக்கெழம போன் பண்றப்ப அவன்ட்ட பேசிட்டியான்னுதான் மொதல்ல கேப்பேன்.

அம்மா
செல்லூர், மதுரை