எதிர்சேவை ராத்திரியில் அலறிய வண்டி

மதுரை,
வைகாசி கடைசி வாரம்

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. பேத்திக்குக் காது குத்தினது, உன் முழங்கால் வலி, எல்லாம் படிச்சேன். முழங்காலுக்கு என்கிட்ட வைத்தியம் இல்லை; நானே மாடிப்படியைக் கண்டா சாமி கும்பிட்டுத்தான் ஏறுறேன். ஆனா கடைசியில ஒரு விஷயம் எழுதியிருந்தியே: மகளுக்குப் பார்க்கிற பழைய கார்ல ‘கம்பெனி அலாரம்’ இருக்குன்னு புரோக்கர் பத்தாயிரம் கூடக் கேக்குறான், அது நெசமான்னு எப்படிப் பார்க்கிறதுன்னு. சரியான ஆள்கிட்டதான் கேட்டிருக்க. இந்தச் சித்திரையில நான் பட்ட பாடு அப்படி.

என் வேகன் ஆர் உனக்குத் தெரியுமே, 2007 மாடல். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ரிட்டையர்டு வாத்தியார் ஒருத்தர்கிட்ட வாங்கினது. எதிர்சேவை அன்னைக்கு மத்தியானம் பேட்டரிக்கடைப் பையன் வந்து புது பேட்டரி மாட்டி, பானெட்டை மூடிட்டு, கூட்டம் சேர்றதுக்குள்ள போகணும்னு ஓடிட்டான். ராத்திரி தல்லாகுளத்துல எங்க சந்து முழுக்க ஜனம். கொட்டு அடிச்சுக்கிட்டு ஒரு கூட்டம் வண்டியை ஒட்டிப் போச்சு, அவ்வளவுதான். ரெண்டு வருஷமா வாயே திறக்காத வண்டி ஊளையிட ஆரம்பிச்சிருச்சு. “ஊரே அழகரை எதிர்கொண்டு அழைக்குது, நம்ம வண்டி மட்டும் எதிர்ப்புக் கோஷம் போடுது”ன்னு வீட்டுக்காரி தலையில அடிச்சுக்கிட்டா. கடைசியில பேட்டரி டெர்மினலைக் கழட்டித்தான் வாயை அடைச்சேன்.

எனக்கே அப்பத்தான் தெரியும் வண்டியில அலாரம் இருக்குன்னு. வாத்தியாருக்குப் போன் போட்டா, “ஆமா சார், கம்பெனி ஃபிட்டிங்”ங்கிறார். அவர் பொய் சொல்லலை. ஷோரூம்ல டெலிவரி எடுக்கும்போதே மாட்டியிருந்ததால தொழிற்சாலையிலேயே வந்ததுன்னு நம்பிட்டார். மேட், சீட் கவர் மாதிரி அதுவும் ஷோரூம்காரங்க தலையில கட்டின சாமான்தான். நம்ம ஊர்ல கம்பெனி ஃபிட்டிங்னா ரெண்டு அர்த்தம் மாப்ள. உன் புரோக்கர் எதைச் சொல்றான்னு முதல்ல கேளு.

பழங்காநத்தத்து எலக்ட்ரீசியன் தம்பி வந்து ஸ்டீரிங்குக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக்கைக் கழட்டினான். உள்ளே ஒரு கறுப்பு டப்பா. அதுல இருந்து போன வயர் எல்லாம் வண்டி வயரைச் சுரண்டி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுத்தினது. “பாருங்கண்ணே, தொழிற்சாலையில வர்றதுன்னா சாக்கெட்டோட சாக்கெட் கிளிக்னு மாட்டியிருக்கும், இப்படிக் கட்டுப்போட்ட விரல் மாதிரி இருக்காது”ன்னான். டாஷ்போர்டுல இருந்த சிவப்பு லைட்டும் டிரில் போட்டுக் கோணலாச் செருகினது. அதிர்ச்சி தெரியற சென்சாரை யாரோ முழுசாத் திருகிவச்சிருக்காய்ங்க, கொட்டுச் சத்தமே போதுமாம். பேட்டரியைக் கழட்டி மாட்டினதுல டப்பா தானா விழிச்சுக்கிச்சு. வண்டியோட வந்த புத்தகத்தைப் புரட்டினேன். அலாரம்னு ஒரு வரி இல்லை. ஃபியூஸ் பாக்ஸ் மூடியிலும் அந்தப் பேரே இல்லை.

ஆனா அதே புத்தகத்துல வேற ஒண்ணு இருந்துச்சு: இம்மொபிலைசர். இதுதான் நெசமான கம்பெனி காவல்காரன், சத்தமே போடமாட்டான். சாவித் தலைக்குள்ள ஒரு குட்டிச் சிப்பு, சாவி போடுற இடத்தைச் சுத்தி ஒரு வளையம். ரெண்டும் பேசிக்கிட்டாத்தான் எஞ்சின் ஓடும். சிம்மக்கல்ல சாதாரண டூப்ளிகேட் சாவி வெட்டிப் பார்த்தேன். கதவு திறந்துச்சு, செல்ஃப் எடுத்துச்சு, எஞ்சின் மட்டும் பிடிக்கவே இல்லை. ஒரிஜினல் சாவியோட தலையை அதுக்குப் பக்கத்துல ஒட்டிப் பிடிச்சுத் திருகினேன், டக்குன்னு ஸ்டார்ட் ஆயிருச்சு. சின்னப்புள்ளை மாதிரி நாலு தடவை செஞ்சு பார்த்தேன்.

நீ வண்டி பார்க்கப் போகும்போது ஒரு பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு, வெளியே நின்னு ரிமோட்டால பூட்டு. ஒரு நிமிஷம் பேசிக்கிட்டு நில்லு, சிலதுக்கு விழிச்சுக்க அரை நிமிஷமாவது வேணும். அப்புறம் கையை உள்ளே விட்டு உள்பிடியால கதவைத் திற. கத்துனா அலாரம் இருக்கு, கத்தலைன்னா வெறும் சென்ட்ரல் லாக்காத்தான் பெரும்பாலும் இருக்கும். கத்துனதுனாலேயே கம்பெனி அலாரம்னு ஆயிடாது, என் டப்பாவும்தான் கத்துச்சு. அதனால பானெட்டைத் திறந்து சைரனைத் தேடி, அதோட வயரைப் பிடிச்சுக்கிட்டே போய்ப் பாரு. ரிமோட்டு சாவியோட சேர்ந்து, கார் கம்பெனி முத்திரையோட இருக்கா, இல்லை தனியாத் தொங்குற குண்டு ரிமோட்டான்னும் பாரு.

அலாரம் இருந்தா இன்சூரன்ஸ்ல குறையும்னும் புரோக்கர் சொல்லுவான். புனேயில வண்டிகளைச் சோதிக்கிற ஏஆர்ஏஐங்கிற அமைப்போட அங்கீகாரம் இருந்தா, ஓன் டேமேஜ் (நம்ம வண்டிக்கே ஆகுற சேதத்துக்கான) பிரீமியத்துல வழக்கமா 2.5 சதவீதம்தான் குறையும், அதுவும் பெரும்பாலும் 500 ரூபாய்க்கு மேல கிடையாது. அதுக்குப் போய்ப் பத்தாயிரமா? சிப்பு சாவி ரெண்டும் கையில வருதான்னு மட்டும் கறாராக் கேளு.

டப்பாவைக் கழட்டிட்டேன். அந்தச் சிவப்பு லைட்டை எடுத்த ஓட்டையில பேரன் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான். ஆடிக்கு முன்னாடி ஒரு நடை வந்துட்டுப் போ.

உன் பங்காளி