பக் நாய்ப் படம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுதொழில் தொடங்குபவர்கள் எப்படி விளம்பரம் செய்யலாம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாய்களுக்கான பகல்நேரக் காப்பகத்தை அதில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்: அழகான நாய்ப் படம் ஒன்றைப் போட்டால் போதுமாம், வாடிக்கையாளர் தானாக வருவாராம். நான் ராயப்பேட்டையில் அச்சகம் நடத்துகிறவள். என் அண்ணன் மகளும் அவள் கணவரும் பெருங்குடியில் ஒரு தனிவீட்டை வாடகைக்குப் பிடித்து இதே தொழிலைத் தொடங்கியிருக்கிறார்கள். துண்டறிக்கை அடிக்க என்னிடம்தான் வந்தார்கள். அவர்கள் கையிலும் ஒரு பக் நாய்ப் படம் இருந்தது.

2003-ல் ஹட்ச் கைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போன பக் நாயை இன்றும் பலர் மறக்கவில்லை. விளம்பரத் தொழிலுக்கு அது பெரிய வெற்றிதான். ஆனால் அதைப் பார்த்துவிட்டுத்தான் நாடெங்கும் பக் குட்டிக்கு அலைந்தார்கள். சப்பை மூக்கும் குறுகிய மூச்சுப்பாதையும் கொண்ட இனம் அது. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். சரியாக மூச்சு விடவே திணறும் நாய் சென்னையின் மே மாதத்தில் என்ன பாடுபடும்? நாயைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லும் இடத்தின் பெயர்ப்பலகையிலேயே அந்த முகத்தை வைத்தால் இன்னும் நாலு பேர் அதை வாங்கக் கிளம்புவார்கள். ‘நம் நாட்டு இனமான ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ தெருவில் எடுத்து வளர்த்த நாயோ இருந்தால் அந்தப் படத்தைக் கொண்டு வா’ என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்து பிளெக்ஸ் பேனர். பழைய மகாபலிபுரம் சாலையில் மூலைக்கு மூலை கட்டலாம் என்றார் மருமகன். 2019 செப்டம்பரில், அதே பகுதியைச் சேர்ந்த பள்ளிக்கரணையில், அனுமதியில்லாத பேனர் சரிந்து விழுந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் லாரியில் சிக்கி உயிரிழந்ததை எப்படி மறப்பது? அச்சுத் தொழிலில் இருக்கும் எனக்கு பேனரில் லாபம் உண்டு, ஆனாலும் சொல்கிறேன், வேண்டாம். சுவரொட்டியும் அப்படித்தான். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. (எஃப்.எம்.மில் நாய் குரைக்கும் ஒலியோடு விளம்பரம் என்றும் ஒரு யோசனை வந்தது. கேட்கும் வீட்டு நாய்களெல்லாம் பதில் குரல் கொடுக்கும், வேறு பலன் இராது.)

வாசகங்களுக்குக் குறைவே இல்லை. ‘நூறு சதவீதப் பாதுகாப்பு’, ‘சென்னையின் நம்பர் ஒன்’, ‘முதல் நாள் இலவசம்’. முதல் நாள் இலவசம்தான், ஆனால் பதிவுக் கட்டணம் உண்டு! தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் நெறிமுறைகளை வெளியிட்டது. காசு வாங்கிக்கொண்டு இலவசம் என்று சொல்வதை அவை ஏற்பதில்லை. தமிழில் வாக்குறுதி கொடுத்துவிட்டு ஓரத்தில் ஆங்கிலப் பொடி எழுத்தில் நிபந்தனை போடுவதும் கூடாது. எந்த மொழியில் வாக்குறுதியோ அதே மொழியில்தான் நிபந்தனையும் இருக்க வேண்டும். அறிமுகமில்லாத பத்து நாய்கள் ஒரே முற்றத்தில் ஓடும் இடத்தில் நூறு சதவீதம் என்று எழுத யாருக்குத் துணிவு வருகிறதோ தெரியவில்லை.

கடைசியில் அச்சுக்குப் போன துண்டறிக்கையில் முக்கால் பங்கு மறுப்புகள்தான். ரேபிஸ் தடுப்பூசி அட்டை இல்லாத நாயைச் சேர்ப்பதில்லை. தடுப்பூசிகள் முழுவதும் போட்டு முடியாத குட்டியைச் சேர்ப்பதில்லை, ஏனென்றால் குட்டிகளின் உயிரைக் குடிக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உடம்பில் உண்ணி இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். நாய் வளர்ப்பதற்கான மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் (நாயின் தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு) கேட்கப்படும். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-ல் மாநகராட்சி அறிவித்ததும் நினைவூட்டப்படும். நண்பகலில் வெளியே நடத்திச் செல்வதில்லை, தார்ச்சாலையில் பாதம் வெந்துவிடும். ஒரு பணியாளர் பொறுப்பில் எத்தனை நாய்கள், அவசரத்துக்கு எந்தக் கால்நடை மருத்துவர் என்பதும் உண்டு.

“இத்தனை இல்லைகளைப் படித்தால் யார் அத்தை வருவார்கள்?” என்று கேட்டாள் அண்ணன் மகள். தன் நாயைப் பற்றி எந்த வளர்ப்பவருக்கும் சந்தேகம் கிடையாது. அடுத்தவர் நாய் கடிக்குமா, அதனிடமிருந்து நோய் ஒட்டுமா என்பதுதான் காலை எட்டு மணிக்கு நாயை ஒப்படைத்துவிட்டு அலுவலகம் போகிறவரின் கவலை. யாரை உள்ளே விடுவதில்லை என்று சொல்லும் விளம்பரம்தான் அந்தக் கவலைக்குப் பதில் சொல்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த யோசனை இன்னொன்று. அடுக்குமாடிக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகைக்கு, சங்கத்தின் அனுமதியோடு, தனியாக ஒரு தாள் அடித்தோம். அது நாய் வளர்ப்பவருக்கானது அல்ல. ‘பக்கத்து வீட்டு நாய் பகல் முழுவதும் குரைக்கிறதா? தனியாகக் கிடப்பதால் இருக்கலாம். சண்டை வேண்டாம், இந்தத் தாளைக் கொடுங்கள்.’ பூட்டிய வீட்டுக்குள் கத்திக்கொண்டிருக்கும் நாயால் தூக்கம் இழப்பவர்கள் இரவுப்பணி முடித்து வந்த ஐ.டி. ஊழியர்களும் வீட்டில் இருக்கும் பெரியவர்களும்தான். நாய் வளர்க்காத அவர்கள்தான் இந்தத் தாளைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் சேர்ப்பார்கள். அந்தத் தாளில் நாய்ப் படமே இல்லை.

இதை உங்களுக்கு எழுதக் காரணம், உங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பகுதி. ‘செல்லப்பிராணிகள்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் குட்டி விற்பவரும் காப்பகம் நடத்துபவரும் அடுத்தடுத்து வருகிறார்கள். பல வரிகளில் கைபேசி எண் மட்டுமே இருக்கிறது. இடம் எங்கே என்று கூட இல்லை. காப்பகங்களுக்குத் தனித் தலைப்பு கொடுங்கள். கதவு எண்ணோடு முகவரி, ஒரு நாளில் ஏற்கும் நாய்களின் உச்ச எண்ணிக்கை, தடுப்பூசி அட்டை கேட்பார்களா என்ற மூன்றும் இல்லாத விளம்பரத்தை வாங்க வேண்டாம். குட்டி விற்பவரிடம் மாநில விலங்குகள் நல வாரியத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2017-ன் நாய் இனப்பெருக்க விதிகளின்படி அவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும். வரிக்கு வரி காசு வாங்கும் பகுதி என்பதால் கூடுதல் வரிகளால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் நாயை எங்கே விடுவது என்று தேடத் தொடங்குவதற்குள் இதைச் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர்,
ராயப்பேட்டை, சென்னை – 14