கோட்டை அகழ்வுக்கு வரும் தொண்டர்களை முதலில் ஓடு கழுவ விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணக் கோட்டைக்குள் அகழ்வாய்வு என்று செய்தி வந்தாலே, தொண்டராகச் சேரலாமா என்று மாணவர்களும் ஓய்வுபெற்றவர்களும் ஆவலோடு கேட்கிறார்கள். வரவேற்க வேண்டிய விடயம். ஆனால் வந்த அன்றே அவர்களைக் குழிக்குள் இறக்கக் கூடாது. முதல் இரண்டு நாளும், அகழ்வில் கிடைக்கும் ஓடுகளை, அதாவது உடைந்த மட்பாண்டத் துண்டுகளை, கழுவும் வாளியடியில் இருக்கட்டும்.

போர்த்துக்கேயர் எழுப்பியது, 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோணமாக மாற்றிக் கட்டியது, 1990 முற்றுகையில் இடிந்தது எல்லாம் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அவற்றுக்கும் கீழே, போர்த்துக்கேயருக்கு முன்பே வந்திறங்கிய சீனப் பீங்கானும் ஏறக்குறைய 2000 ஆண்டு பழைய, ரூலெட்டட் எனப்படும் புள்ளி வரிசை அலங்கார மட்பாண்ட ஓடும் கிடக்கின்றன. அத்திவாரத்துக்கும் குப்பைக்கும் ஒவ்வொரு காலத்தவரும் குழி வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பழங்குழியின் விளிம்பு பெரும்பாலும் மண்ணின் நிறமாற்றமாகத்தான் தெரியும். அதைக் கவனியாமல் தோண்டினால் ஒல்லாந்தரின் சுங்கான் (புகைக்குழாய்) துண்டும் ரூலெட்டட் ஓடும் ஒரே பைக்குள் போய்விடும். பிறகு அந்தப் பையை வைத்து எந்தக் காலத்தையும் சொல்ல முடியாது.

ரூலெட்டட் ஓடு பெரும்பாலும் நகத்தளவு சாம்பல்நிறத் துண்டாகத்தான் வரும். உட்புறத்தை வெயிலுக்குச் சரித்துப் பிடித்தால், ஊசிமுனையால் குத்தியது போன்ற புள்ளி வரிசை தெரியும். கழுவும்போது பத்துத் துண்டைக் கையில் புரட்டிப் பார்த்தவர் குழிக்குள் அதைக் கல் என்று வீசமாட்டார்.

கழுவுவதிலும் கவனம் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பையை மட்டும் அவிழ்த்து, அதன் துண்டுச்சீட்டைத் தட்டிலேயே வைக்க வேண்டும். மென்மையான தூரிகை போதும். உடைந்த விளிம்பை அழுத்தித் தேய்த்தால் பிறகு துண்டுகள் பொருந்தா. இரும்பு, நாணயம், கரி எதையும் தண்ணீரில் போடக் கூடாது. கடலோர ஓட்டுக்குள் உப்பு ஊறியிருக்கும். வெயிலில் சட்டென்று காயவிட்டால் அது மேற்பரப்பைச் செதில் செதிலாக உரித்துவிடும். ஆகவே நன்னீரில் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி, நிழலில் காயவிட வேண்டும். ஈரத்தோடு பொலித்தீன் பையில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், பேனை எழுத்தும் கரையும். குழி எண், மண்படை எண், திகதி மூன்றையும் பென்சிலால் எழுதி, பைக்கு உள்ளே ஒரு சீட்டும் வெளியே ஒன்றுமாக வைப்பதே பாதுகாப்பு.

குழிக்குள் இறங்கிய பின் மேசன் கரண்டியைத் தன் பக்கமாக இழுத்துச் சுரண்டி, பின்னோக்கி நகர வேண்டும். முன்னோக்கிப் போனால் துப்புரவாக்கிய தரையைத் தானே மிதிக்க நேரும். சுவரில் துருத்தி நிற்கும் ஓட்டைப் பிடுங்குவது, குழிகளுக்கு இடையில் விட்ட வரம்பில் ஏறி நிற்பது இரண்டும் கூடாது. மணற்பாங்கான இடத்தில் சுவர் சரிந்து ஆளையே மூடும். போர்க்கால வெடிபொருள் போல எது தென்பட்டாலும் தொடாமல் வேலையை நிறுத்தி, பொறுப்பாளருக்கு அறிவிக்க வேண்டும்.

அகழ்வை ஒழுங்குசெய்வோரிடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. கழுவும் இடத்துக்கு ஒரு தகரக் கொட்டகையும், நன்னீருக்கு ஒரு பவுசரும் முதல் நாளே வந்துவிட வேண்டும். உவர்த் தண்ணீரில் கழுவிய ஓட்டில் உப்பு அப்படியேதான் இருக்கும்.

இப்படிக்கு,
தொல்லியல் களப்பணியாளர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.